கத்தரியும் கையெழுத்துப் பிரதியும்

ஆசிரிய கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு ரோனியோ சஞ்சிகை தொடங்கினோம். கவிதைக்குப் பஞ்சமில்லை. தலையங்கம் எழுத ஒருவரோடொருவர் போட்டி போட்டோம். ஆனால், மூன்றாவது இதழோடு அது நின்றுபோனது. யாரிடம் காசு வாங்கினோம், யாருக்கு இதழ் அனுப்பவில்லை என்று குறித்துவைக்க எங்களிடம் ஒரு கொப்பி இருக்கவில்லை. முத்திரை வாங்கத் தபாற் கந்தோருக்குப் போவது யாருடைய வேலை என்பதும் எவருக்கும் தெரியாது.

வரக்காப்பொலயில் சில்லறைக் கடை வைத்திருக்கும் நானா ஒருவர் கவிதையும் எழுதுவார். என்னைக் காணும் போதெல்லாம் ஒரே கேள்விதான். "சேர், கடையப் பாத்தா கவித வருதில்ல, கவிதயப் பாத்தா கட நடக்குதில்ல. என்ன செய்ற?" அவருக்கு நான் சொல்லிவரும் வரலாற்றையே இங்கு எழுதுகிறேன்.

வயிற்றுப்பாட்டுக்கு ஒரு தொழிலும் மனதுக்கு ஒரு பணியுமாக வாழ்ந்தவர்கள் நம்மிடையே புதியவர்கள் அல்லர். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய அறிஞர் எம். சி. சித்திலெவ்வை, கண்டியில் சட்டத்தரணியாகப் பணியாற்றியவர். 1885இல் வெளிவந்த 'அசன்பேயுடைய சரித்திரம்' நாவலை எழுதியவரும் அவரே. ஆயினும் அவருக்குக் கல்வி இருந்தது, சமூகத்தில் மதிப்பும் இருந்தது. இவை இரண்டும் மறுக்கப்பட்ட ஒருவர் இதே பாதையில் நடந்ததைப் பார்ப்பதே நமக்குக் கூடுதல் படிப்பினை தரும்.

1927இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த டொமினிக் ஜீவாவின் பள்ளிப் படிப்பு, வகுப்பறையில் நேர்ந்த சாதி அவமதிப்பால் சிறு வயதிலேயே அறுந்தது. ஆசிரியனாக இருக்கும் எனக்கு இந்த ஒரு வரியைக் கடந்து போவது எளிதல்ல. குடும்பத் தொழிலான முடிதிருத்தலுக்கு வந்தார். கஸ்தூரியார் வீதியிலிருந்த ஜோசப் சலூனே அவருக்குத் தொழிற்கூடமாகவும் வாசிகசாலையாகவும் அமைந்தது. தமிழகத்துப் பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தத்தின் மீது கொண்ட பற்றினால் தம் பெயரோடு 'ஜீவா'வைச் சேர்த்துக்கொண்டார். அவரது முதற் சிறுகதைத் தொகுதியான 'தண்ணீரும் கண்ணீரும்' 1960இல் வெளிவந்து இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது.

பரிசு பெற்ற எழுத்தாளர் கத்தரியைக் கீழே வைத்துவிடவில்லை. 1966 ஓகஸ்டில் 'மல்லிகை' மாத இதழைத் தொடங்கியபோதும் சலூன் தொழிலே அவருக்குத் துணையாக நின்றது. அக்காலத்தில் ஒரு சிற்றிதழை வெளிக்கொணர்வதென்பது என்ன என்பதை இன்றைய இளைஞர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோக்க வேண்டும். புரூப் எடுத்துத் திருத்த வேண்டும். அச்சான தாள்களை மடித்துத் தைத்து, விலாசம் எழுதி, முத்திரை ஒட்ட வேண்டும். அச்சேறிய எழுத்துக்களைப் பிரித்து மீண்டும் பெட்டிகளில் போட்டால்தான் அடுத்த பக்கங்களைக் கோக்க எழுத்துக் கிடைக்கும். இவ்வளவும் முடிந்த பின்னர்தான் விற்பனை. ஜீவா இதழ்க்கட்டைத் தாமே சுமந்து, வீதி வீதியாகவும் கூட்டம் கூட்டமாகவும் சென்று, வாசகனின் கையில் கொடுத்துக் காசு வாங்கினார்.

இந்தச் சில்லறை வேலையை அவர் இலக்கியத்துக்குப் புறம்பானதாக எண்ணவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. இதழை விற்கப் போன இடங்களில் வாசகர்களைச் சந்தித்தார், புதிய எழுத்தாளர்களைக் கண்டுகொண்டார். வாசகர் கேள்விகளுக்கு அவர் பதிலெழுதிய 'தூண்டில்' பகுதி இதழின் அடையாளங்களுள் ஒன்றாயிற்று. திக்குவல்லை கமால் போன்ற தென்னிலங்கை முஸ்லிம் படைப்பாளிகள் தம் மண்ணின் பேச்சு மொழியோடு எழுதுவதற்கும் மல்லிகை களம் கொடுத்தது. யாழ்ப்பாணத்துச் சலூனொன்றில் வேர்விட்ட இதழ் மாத்தறைக் கரைவரை பேசப்பட்டதற்கு அந்தக் கால்நடையும் கணக்குக் கொப்பியும் காரணமாயின.

இதையொத்த ஒரு கதை இங்கிலாந்திலும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் அரச அதிகாரியாக இருந்த லெனார்ட் வூல்ப், ஊர் திரும்பிய பின் 1917இல் தம் மனைவி வர்ஜீனியாவுடன் வீட்டிலேயே ஒரு சிறு கையச்சு இயந்திரத்தை வைத்து ஹோகார்த் பதிப்பகத்தைத் தொடங்கினார். பெரும் நாவலாசிரியையான வர்ஜீனியா தம் கையாலேயே எழுத்துக் கோத்தார். லெனார்ட் அச்சடித்தார், கணக்கையும் நுணுக்கமாகப் பார்த்தார். ஆர்வத்தைக் காப்பாற்றும் வேலி அன்றாட ஒழுங்குதான் என்பதை அவர்களும் அறிந்திருந்தார்கள்.

எனினும் இந்த வேலிக்கு ஒரு விலையுண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஜீவாவின் 'பாதுகை' 1962இலும் 'சாலையின் திருப்பம்' 1967இலும் வந்தன. அதற்கடுத்த சிறுகதைத் தொகுதியான 'வாழ்வின் தரிசனங்கள்' வெளிவந்தது 1982இல். ஏழாண்டுகளில் மூன்று தொகுதிகள் தந்தவருக்கு நான்காவதைத் தரப் பதினைந்து ஆண்டுகள் சென்றன. பிறருடைய கதைகளைச் சுமந்து திரிந்த தோள்களில் சொந்தக் கதைகளுக்கு இடம் குறைந்துபோனது என்றே நான் விளங்கிக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போரும் இடப்பெயர்வும் அவரைத் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கொழும்புக்குக் கொண்டுவந்தன. அங்கிருந்தும் மல்லிகையைத் தொடர்ந்தார், மல்லிகைப் பந்தல் வழியாக நூல்களும் வெளியிட்டார். 2012இல் முதுமை அவரைத் தளர்த்தியபோது இதழ் நின்றது. 2021 ஜனவரி 28ஆம் திகதி அவர் காலமானார். நாற்பத்தாறு ஆண்டுப் பழக்கம் ஒரே மனிதரின் உடம்பில் தங்கியிருந்ததால், அந்த உடம்பு ஓய்ந்தபோது அதுவும் ஓய்ந்தது. ஆர்வத்தை இன்னொருவருக்குப் புகட்டுவது கடினம். முத்திரை ஒட்டுவதையும் விலாசம் எழுதுவதையும் கணக்கு வைப்பதையும் சொல்லிக்கொடுப்பது எளிது. எளிதானதைத்தான் நாம் எல்லோருமே கைமாற்றத் தவறுகிறோம்.

நானாவிடம் இதைச் சொன்னபோது சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அப்ப மகனுக்குக் கடன் கொப்பி எழுதப் பழக்கணும்" என்றார். சுபஹுக்குப் பின் கடை திறக்கும் வரையுள்ள ஒரு மணித்தியாலத்தைக் கவிதைக்கு ஒதுக்கியிருப்பதாக அண்மையில் சொன்னார். பின்னேரக் கணக்கை இப்போது மகன் எழுதுகிறான்.

எங்கள் ரோனியோ சஞ்சிகையின் நான்காவது இதழுக்கென வந்த கவிதைகள் இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. நல்ல கவிதைகள்தாம். அவற்றைச் சுமந்து செல்ல அன்று ஒரு கையும் இருக்கவில்லை.