பூண்டிக்குப் போனோம்: கொசஸ்தலையாற்றின் வரலாற்றில் சேரி



மணலி புதுநகருக்கு வரலாறு ஏது என்று கேட்பவர்கள் உண்டு. அரசு திட்டம் போட்டுக் குடியேற்றிய ஊர், சுற்றிலும் ஆலைகள், எண்ணெய் வாடை. வரலாறு வேண்டுமென்றால் திருவொற்றியூர் கோயிலுக்குப் போங்கள் என்று வழியும் காட்டுவார்கள். நாங்கள் ஆற்றைப் பிடித்துக்கொண்டு எதிர்த்திசையில் போனோம். நம் ஊரையொட்டி ஓடி எண்ணூரில் கடல் சேரும் கொசஸ்தலையாற்றை வல்லூர், தாமரைப்பாக்கம் அணைக்கட்டுகளைத் தாண்டி மேலே தொடர்ந்தால் பூண்டி வருகிறது. சந்தடியில்லாத ஊர். கரைமேல் ஏறி நின்றால் கண்ணுக்கெட்டியவரை தண்ணீர். அந்தத் தண்ணீருக்கடியில் ஒரு கோயில் நின்ற நிலம் கிடக்கிறது.

அதற்கும் முந்திய கதையும் அங்கே உண்டு. பூண்டிக்கு அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். சாந்தி பப்பு குழுவினரின் ஆய்வு 2011இல் அவற்றின் காலத்தை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பின்னுக்குக் கொண்டுபோனது. அந்தக் கோடரிகளைச் செய்தவர்கள் ஊரில் இருந்தார்களா சேரியில் இருந்தார்களா என்று இன்னும் யாரும் கேட்கவில்லை. நிம்மதி.

கோயிலுக்கு வருவோம். திருவெண்பாக்கம், சுந்தரர் பாடிய தலம். திருவொற்றியூரில் சங்கிலிக்குக் கொடுத்த வாக்கை மீறி எல்லை தாண்டியதால் பார்வை போன சுந்தரருக்கு இங்கேதான் ஊன்றுகோல் கிடைத்தது என்கிறது புராணம். ஆக நம் ஒற்றியூருக்கும் இந்த ஊருக்கும் சைவமே ஒரு பாதை போட்டு வைத்திருக்கிறது. அந்தப் பாதையில் எங்களுக்கு ஒரு சங்கடம். இதே சுந்தரர்தான் திருத்தொண்டத்தொகையில் நாளைப்போவாரை அடியவர் வரிசையில் சேர்த்தார். பெயரைச் சொன்னதோடு சரி. பிறகு வந்த சேக்கிழார் அவரை ஆதனூர்ச் சேரியில் பிறக்கவைத்து, தில்லையில் தீயில் இறக்கி, அதன் பிறகே உள்ளே அனுப்புகிறார். வாக்குத் தவறியவருக்குக் கோல். ஒரு தவறும் செய்யாதவருக்கு நெருப்பு. இதைப் பக்தி இலக்கிய வகுப்பில் கேட்டுப் பாருங்கள், மாணவத் தோழர்களே.

சென்னை நகரத்துக்குக் குடிநீர் வேண்டும் என்று மேயராக இருந்த சத்தியமூர்த்தி முன்னின்றதால் 1940இல் பூண்டியில் அணைப்பணி தொடங்கி 1944இல் முடிந்தது. அவர் பெயரே நீர்த்தேக்கத்துக்கும். பழைய கோயிலிடம் நீருக்குள் போனது. கோயிலைப் பூண்டிக் கரையில் புதிதாக எழுப்பினார்கள். இந்த ஆண்டுகளைக் கொஞ்சம் கவனியுங்கள். சென்னை மாகாணத்தின் 1939ஆம் ஆண்டு ஆலய நுழைவுச் சட்டம், கோயிலைத் திறக்க விரும்பும் நிர்வாகத்துக்கு அனுமதியும் பாதுகாப்பும் தந்ததே ஒழிய, திறந்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. நுழைவதை நம் உரிமையாக்கிய சட்டம் 1947இல் வந்தது. திருவெண்பாக்கத்தின் பழைய வாசலுக்கு அந்தச் சட்டம் வந்து சேருமுன் தண்ணீர் வந்து சேர்ந்துவிட்டது.

எங்களுக்கு அந்த வாசலைவிட நிலம்தான் முக்கியம். இந்த ஆற்றுப்படுகை அன்றைய செங்கல்பட்டு மாவட்டம். அதன் ஆட்சியராக இருந்த திரமென்கீர் 1891இல் அரசுக்கு எழுதிய அறிக்கையில், மிராசுதார்களின் பிடியில் பறையர்களுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, தரிசைக் கேட்டால்கூட மிராசுதாருக்கே முன்னுரிமை, கடனுக்காகத் தலைமுறையாகப் படியாளாகக் கட்டுண்டு கிடக்கிறார்கள் என்று அடுக்கினார். அதன் பின்விளைவாக 1892இல் பிறந்ததுதான் பஞ்சமி நில ஒதுக்கீடு. பத்தாண்டுகளுக்கு விற்கக்கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. மனை கேட்டு மனுப்போட்ட அந்த மாவட்டத்தில், ஐம்பது ஆண்டு கழித்து அணை கட்ட நிலம் எடுத்தார்கள்.

கோயில் எங்கிருந்து எங்கே போனது என்பதைத் தலவரலாறு சொல்கிறது. அங்கே ஏர் பிடித்தவர்கள் எங்கே போனார்கள் என்பது தலவரலாற்றின் வேலையில்லை. அது நம் வேலை. இழப்பீடு பட்டாதாரருக்கு, பட்டா இல்லாத படியாளுக்கு எந்தக் கணக்கில் என்ன எழுதினார்கள்? பஞ்சமி நிலம் நீர்ப்பரப்புக்குள் போயிருந்தால் மாற்று நிலம் அதே நிபந்தனையோடு தரப்பட்டதா?

நீர் கீழே வரும்போது இந்தக் கேள்வி நம் வீட்டுக்குள்ளேயே வருகிறது. 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் பூண்டி நிரம்பித் திறந்துவிட்ட உபரிநீர் மணலி புதுநகர், சடையங்குப்பம், இடையஞ்சாவடி என்று புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலி ஆலைப்பகுதியின் எண்ணெயும் சேர்ந்து எண்ணூர்க் கழிமுகம் வரை படர்ந்தது. மீனவர்களின் வலையும் படகும் கறுத்தன. நகரம் குடிக்க எடுத்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பும் ஊர் நம்முடையது.

மாணவத் தோழர்கள் நான்கைந்து பேர் சேர்ந்தால் போதும். எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் நிலவரித் திட்டப் பதிவேடுகளைக் கேளுங்கள். 1940க்கு முந்திய கிராம வரைபடத்தில் நத்தத்துக்கு வெளியே, பெரும்பாலும் தனிப் புள்ளிக் கூட்டமாகச் சேரி குறிக்கப்பட்டிருக்கும். அதன் புல எண்ணை எழுதிக்கொண்டு, அணைக்குப் பிந்திய பதிவேட்டில் அதே எண்ணுக்கு எதிரே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.