வார்ப்பட்டையின் வரலாறு

செமினியில் பனி பெய்வதில்லை. ஆயினும், கனடா நாட்டில் உறைபனியின்மேல் விரையும் பனியூர்திக்கும், செமினிக் கடைத்தெருவில் காய்கறிப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஓடும் கியரில்லா ஸ்கூட்டருக்கும் உள்ளுறுப்பு ஒருவகையே. கைப்பிடியை முறுக்கினால் வண்டி விரைகிறது. தளர்த்தினால் வேகம் தணிகிறது. கியரை மாற்றும் மிதி அதில் இல்லை. எஞ்சினின் ஆற்றலைச் சக்கரத்திற்குக் கொண்டு சேர்ப்பவை இரண்டு கப்பிகளும், அவற்றைச் சுற்றியோடும் ரப்பர் வாருமே ஆகும். இவ்வாரின் வரலாறு, பால் மரக்காட்டில் வாழ்ந்த தமிழரின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது.

வார் என்பது தோலை நீள அறுத்தெடுத்த பட்டையைக் குறிக்கும் பழஞ்சொல். ஒரு சக்கரத்தின் சுழற்சியை மற்றொன்றிற்குக் கயிற்றாலோ வாராலோ கடத்தும் முறைக்கு இராட்டையே எளிய சான்று. அதன் பெரிய சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் சிறிய கதிர் பல சுற்றுச் சுற்றிவிடுகிறது. 1350-ஆம் ஆண்டில் தக்காணத்தில் இசாமி என்பார் பாரசீக மொழியில் இயற்றிய நூலிலேயே இராட்டையைப் பற்றிய குறிப்புக் காணப்படுகிறது. கயிற்றுக்கும் சக்கரத்திற்கும் இடையே உள்ள உராய்வுதான் ஆற்றலைக் கடத்துகிறது. உராய்வு குன்றினால் கயிறு வழுக்கும். சக்கரம் சுற்றினாலும் கதிர் சுற்றாது.

நீராவி எஞ்சின் வந்தபின் இம்முறை ஆலைகளிற் பெருகியது. கூரையடியில் ஒரு நீண்ட தண்டு சுழலும். அதிலிருந்து அகன்ற தட்டை வார்கள் ஒவ்வோர் இயந்திரத்திற்கும் இறங்கும். தோட்டத்து ரப்பர் ஆலைகளில் பாற்கட்டியை நசுக்கும் உருளைகளும் இவ்வாறே ஓட்டப்பட்டன. இயந்திரத்தை நிறுத்த வேண்டுமாயின், தண்டோடு பிணைந்த கப்பியிலிருந்து, பக்கத்தில் வெறுமனே சுழலும் கப்பிக்கு வாரைக் கவைக்கோலால் தள்ளிவிடுவர். எஞ்சின் நில்லாமலே இயந்திரம் நின்றுவிடும். அக்காலத்துக் கிளட்ச் அதுவே. வேகத்தை மாற்றுதற்குப் படிப்படியாகச் சிறுத்த கப்பிகளும் இருந்தன.

இனி, வார் தோலிலிருந்து ரப்பருக்கு மாறிய வரலாற்றைக் காண்போம். 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், கந்தகம் கலந்து சூடேற்றிய ரப்பர் வெயிலில் இளகாமலும் குளிரில் விறைக்காமலும் நிலைப்பதைக் கண்டறிந்தார். 1876-இல் ஹென்றி விக்ஹாம் பிரேசில் நாட்டு ரப்பர் விதைகளை இலண்டனுக்குக் கொண்டு சென்றார். அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூரை அடைந்தன. அங்குத் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லி, மரத்தைக் கெடுக்காமற் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். 1890-களில் கிண்டர்ஸ்லி உடன்பிறந்தார் காஜாங்கில் ரப்பர் பயிரிட்டனர். மலாயாவின் முதல் ரப்பர்த் தோட்டங்களுள் அதுவும் ஒன்று. அங்கிருந்து சிரம்பானை நோக்கிச் செல்லும் பழைய சாலையில் அடுத்து வருவதே செமினி.

ரப்பர் வாருக்குப் புதுவடிவம் தந்தவர் ஜான் கேட்ஸ். 1917-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் அவர் உருவாக்கிய வாரின் குறுக்குவெட்டு, மேலே அகன்று கீழே குறுகியிருந்தது. தட்டை வார் கப்பியின் முதுகைப் பற்றியது. இதுவோ கப்பியின் பள்ளத்தில் ஆப்புப்போல் இறங்கி இரு பக்கச் சுவர்களையும் பற்றியது. இழுவை மிகுந்தால் பிடியும் இறுகியது.

அப்பள்ளத்தின் இரு சுவர்களும் அசையக்கூடியவையாயின், கப்பியின் அளவே மாறிவிடுமன்றோ? இக்கருத்தைக் கொண்டே ஹாலந்து நாட்டு ஹப் வான் டோர்ன் அமைத்த டாஃப் மோட்டார் வண்டி 1958-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வைக்கப்பட்டது. கியர்ப்பெட்டிக்கு மாறாக அதில் வார்களே வேலை செய்தன.

பனியூர்தியின் கதையோ துயரத்திற் பிறந்தது. கனடாவின் கியூபெக் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப் அர்மான்ட் பம்பார்டியரின் இளமகன் 1934-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நோயுற்றான். பனி வழியை மூடியதால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல இயலாமல் இறந்தான். பனியை வெல்லும் ஊர்தி செய்ய ஏற்கெனவே முயன்றுவந்த தந்தை, பின்னும் தளராது உழைத்தார். 1937-இல் பலர் ஏறும் பனிவண்டியும், 1959-இல் ஸ்கீ-டூ என்னும் சிற்றூர்தியும் அவர் முயற்சியால் வெளிவந்தன. காலப்போக்கில் இத்தகைய ஊர்திகளில் அளவு மாறும் கப்பிகளே நிலைபெற்றன.

அவை வேலை செய்யும் வகை இது. எஞ்சினோடு இணைந்த முன்கப்பியில் சிறு எடைகள் உள்ளன. சுழற்சி மிகும்போது அவை வெளிநோக்கி விலகிச் சுவர்களை நெருக்குகின்றன, வார் மேலேறுகிறது. வாரின் நீளம் மாறாதாகையால், பின்கப்பியில் அது சுவர்களைப் பிளந்துகொண்டு உள்ளே இறங்குகிறது. மேட்டில் ஏறும்போது பின்கப்பியின் சுருள்வில்லும் சரிவுத் தடமும் சுவர்களை மீண்டும் நெருக்கி, வாரை வெளியே தள்ளுகின்றன. வேகம் குறைந்து இழுவிசை கூடுகிறது.

ஆதலின், பராமரிப்பின் முதல் விதி தூய்மை. கப்பியின் சுவரில் எண்ணெய்ப் பசை சிறிதும் ஆகாது. பழைய ஆலைகளில் வழுக்கும் வாருக்குப் பிசின்தூள் தூவுவர். இவ்வாருக்கு அது தீங்கு. இரண்டாவது விதி நேர்மை. இரு கப்பிகளும் உரிய கோட்டில் நில்லாவிடின், வாரின் ஒருபக்கம் தேய்ந்து சூடேறும். மூன்றாவது, இறுக்கத்தின் அளவு. மிக இறுகினால், கைப்பிடியைத் தொடாத போதும் வண்டி ஊரும். மிகத் தளர்ந்தால் புறப்படத் தயங்கும். தேய்ந்து அகலம் குறைந்த வார், பின்கப்பியின் விளிம்பிலிருந்து தாழ்ந்து கிடப்பதே அதனைக் காட்டிக்கொடுக்கும். எடைகள் மிகுந்தால் எஞ்சின் திணறும். குறைந்தால் வேகம் பெறாமலே இரையும். பனியில் ஊர்தியின் அடிப்பட்டை உறைந்திருக்க எஞ்சினை முடுக்கினால், வார் ஓரிடத்திலேயே உராய்ந்து கருகும். ஆகவே முதலில் பனிக்கட்டியை விலக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தாமல் மூடியைத் திறத்தலாகாது. புது வாரை முதல் நாளே விரட்டாமல், மெல்ல ஓட்டிப் பழக்குதலும் நன்று.

வாருக்கு எண்ணெயும் சூடும் பகை என்பதே ரப்பர் மரத்திற்கும் வினையாயிற்று. 1930-இல் அமெரிக்காவில் நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பர் கண்டுபிடிக்கப்பட்டது. அவ்விரண்டையும் அது மரப்பாலினும் நன்கு தாங்கியது. 1942-இல் மலாயா ஜப்பானியர் வசமாக, ரப்பர் கிடைக்காத அமெரிக்கா செயற்கை ரப்பரைப் பேரளவில் ஆக்கலாயிற்று. இன்றைய பனியூர்தி வார்களில் செயற்கை ரப்பரும், 1965-இல் ஸ்டெபனி குவோலெக் கண்ட கெவ்லர் போன்ற இழைகளுமே பெரிதும் உள்ளன. செமினியைச் சூழ்ந்த தோட்டங்களிலும் பல, செம்பனையாகிப் பின் வீடமைப்புப் பகுதிகளாயின.

வார் வழுக்குவதை ஓசையாலும், அது கருகுவதை மணத்தாலும் அறிந்த ஆலைத் தொழிலாளர் தோட்டந்தோறும் இருந்தனர். அவர்கள் கையாண்ட சொற்கள் அகராதிக்குள் வரவில்லை. அவர்களுட் பலர் இன்றில்லை. எஞ்சியுள்ள முதியோரிடம் மாணவரை அனுப்பி, ஆலையின் ஒவ்வோர் உறுப்புக்கும் அவர்கள் வழங்கிய பெயரைக் கேட்டு எழுதிவரச் செய்வது தமிழாசிரியர்க்கு இயலும் பணி. வகுப்பறையில் இரண்டு அட்டைக் கூம்புகளை ஒன்றின் கூர் மற்றொன்றின் அடிக்கு நேராகும்படி நிறுத்தி, ஒரு ரப்பர் வளையத்தை மாட்டிச் சுழற்றினால், கப்பியின் கணக்கும் எளிதில் விளங்கும். அறிவியலும் ஊர் வரலாறும் அங்கே ஒரே பாடமாகும்.