போவா ஈன்றதை யார் எழுதிவைப்பது?

போவா கன்ஸ்டிரிக்டர் என்னும் பாம்புக்கு 1758இல் அறிவியல் பெயர் சூட்டிய கார்ல் லின்னேயஸ், அதன் வாழிடத்தைக் குறிக்குமிடத்தில் ‘இண்டீஸ்’ என்று பொருள்படும் இலத்தீன் சொல் ஒன்றை மட்டும் எழுதினார். இந்தியாவில் இப்பாம்பு இயற்கையாக வாழ்ந்ததே இல்லை; அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். இக்குழப்பத்தின் வேரைத் துறைமுகத்தில்தான் தேட வேண்டும். லின்னேயஸ் பயன்படுத்திய படத்தொகுதிகளுள் ஒன்றை உருவாக்கிய ஆம்ஸ்டர்டாம் மருந்து வணிகர் ஆல்பர்ட்டஸ் செபா, கிழக்கிந்தியாவிலிருந்தும் மேற்கிந்தியாவிலிருந்தும் திரும்பிய மாலுமிகளிடம் உயிரினங்களை விலைக்கு வாங்கினார். குடுவைக்குள் கிடந்த பாம்பு எந்தக் கடலைக் கடந்து வந்தது என்னும் குறிப்பு பல வேளைகளில் உடன் வரவில்லை.

அதே டச்சுக்காரர்கள் கொச்சியில் வேறுவிதமாக நடந்துகொண்டார்கள் என்பதுதான் வியப்பு. ஆளுநர் வான் ரீடின் முயற்சியில் உருவாகி, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சேறிய ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலில், செடிகளின் பெயர்கள் உள்ளூர் எழுத்துகளில் பொறிக்கப்பட்டன. இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியர் 1675இல் அளித்த சான்றுரையும், கொங்கணி வைத்தியர் மூவரின் சான்றுரையும் அதில் இடம்பெற்றன. அறிவைத் தந்தவர் இன்னார் என்று தெரிந்தது. செடிக்குக் கிடைத்த இந்த மரியாதை பாம்புக்குக் கிடைக்கவில்லை.

தோப்பும்படியில் போவா இணையொன்றை வளர்க்கும் ஒருவர், முதன்முறையாக அவற்றை இனப்பெருக்கம் செய்விக்கும் எண்ணத்தோடு, எதையெல்லாம் குறித்துவைக்க வேண்டும் என்று அண்மையில் என்னிடம் கேட்டார். விலங்கியல் மாணவர்கள் எளிதாக விடை சொல்லிவிடுவார்கள். வரலாறு படிப்பவனுக்கு அக்கேள்வி வேறொரு வாசலைத் திறந்தது: கூண்டுக்குள் பாம்பு குட்டி ஈன்ற செய்தி எப்போது ஆவணமாகிறது?

இந்தியாவில் தங்கித் திரும்பிய லமார்-பிக்கோ என்னும் பிரெஞ்சுப் பயணி, பெண் மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றிக்கொண்டு தன் உடற்சூட்டால் அடைகாக்கிறது என்று பாரிஸில் சொன்னார். குளிர்ந்த குருதி உடைய உயிரிக்கு ஏது சூடு என்று அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. 1841இல் பாரிஸ் விலங்கினக் காட்சியகத்திலேயே ஒரு மலைப்பாம்பு முட்டையிட்டது. வலாஞ்சியன் என்னும் அறிஞர் அதன் சுருள்களுக்கிடையே வெப்பமானியை வைத்து நாள்தோறும் அளந்தார். சுற்றுப்புறத்தைவிடச் சூடு கூடுதலாக இருந்தது. தசைகளைத் திரும்பத் திரும்பச் சுருக்கித் தாய்ப்பாம்பு அச்சூட்டை உண்டாக்குகிறது என்று நியூயார்க் விலங்கினக் காட்சியகத்தில் நடந்த ஆய்வு உறுதிசெய்தது. அது வெளியான ஆண்டு 1966. ஒடிசாவின் நந்தன்கானன் காட்சியகத்தில் இந்திய மலைப்பாம்பு இனப்பெருக்கம் செய்ததைப் பற்றி ஆச்சார்யோவும் மிஸ்ராவும் 1976இல் எழுதினர்.

போவாவின் வழி வேறு. அது முட்டையிட்டு அடைகாப்பதில்லை. கருவை உடலுக்குள்ளேயே வளர்த்துக் குட்டிகளை ஈனும். நம் மண்ணுளிப்பாம்பும் அந்த உறவுதான். வளர்ப்போர் பொதுவாகச் சில வாரங்கள் இரவு வெப்பத்தைக் குறைத்து இணைசேரத் தூண்டுவார்கள். கொச்சிபோல ஆண்டு முழுதும் புழுங்கும் ஊரில் இதைக் கருவி கொண்டுதான் செய்ய இயலும். இணைசேர்ந்தபின் கருமுட்டைகள் வெளிப்படும் நாளில் பெண்ணின் நடுவுடல் திடீரெனப் பருக்கும். அடுத்த சில வாரங்களில் அது தோலுரிக்கும். அந்தத் தோலுரிப்பிலிருந்து ஏறத்தாழ 100 முதல் 120 நாள்களில் குட்டிகள் பிறக்கும். அவற்றோடு கருவாகாத மஞ்சள் முட்டைகளும், வளர்ச்சி முற்றாமல் இறந்தவையும் வெளிவரலாம். புதியவர்கள் உயிருள்ள குட்டிகளை மட்டும் எண்ணி, எஞ்சியதைக் கழுவிக் கொட்டிவிடுவார்கள். ஆய்வாளனுக்கு வேண்டிய செய்தியில் பாதி அந்தக் கழிவோடு போய்விடுகிறது.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. தனியார் வளர்ப்பிலிருந்த ஒரு பெண் போவா, ஆண் பாம்புகளோடு இருந்தும், இரு ஈற்றுகளில் 22 குட்டிகளைத் தந்தை இல்லாமலே ஈன்றது. எல்லாம் பெண்கள்; தாயின் அரிய ‘கேரமல்’ நிறமே அனைத்துக்கும். முந்தைய ஈற்றுகளின் விவரம் தெரிந்திருந்ததால்தான் இது உறுத்தியது. வாரன் பூத்தும் உடனாய்வாளர்களும் மரபணுச் சோதனை செய்து 2010இன் இறுதியில் இதை வெளியிட்டனர். பாம்புகள் அனைத்துக்கும் பறவைகளைப்போல இசட்-டபிள்யூ பாலினக் குரோமோசோம்கள் என்பது அன்றைய நம்பிக்கை. அதன்படி இக்குட்டிகள் இரண்டு டபிள்யூ கொண்டவையாக இருக்க வேண்டும். அப்படியொன்று உயிர்வாழும் என்று எவரும் எண்ணியதில்லை. முடிச்சு 2017இல் அவிழ்ந்தது. போவாவிலும் மலைப்பாம்பிலும் இருப்பது எக்ஸ்-ஒய் முறை என்று டோனி கேம்பிள் குழுவினர் காட்டினர். எக்ஸ்-எக்ஸ் தாய் தனித்து ஈன்றால் பெண் குட்டிகள் மட்டுமே பிறப்பது இயல்பு. அரை நூற்றாண்டுப் பாடநூல் கருத்து ஒன்று திருத்தப்பட்டது. அதற்கு வழிவிட்ட சான்றுகளுள் ஒன்று ஒருவருடைய வளர்ப்புப் பாம்பின் ஈற்றுக் கணக்கு.

இந்தியாவில் இக்கணக்கு ஏன் இல்லை? 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் மலைப்பாம்பையும் மண்ணுளியையும் வீட்டில் வளர்க்க இடந்தரவில்லை. அயல்நாட்டுப் போவாவைப் பற்றி நெடுங்காலம் பேசவே இல்லை. அழியும் உயிரினங்களின் வணிகம் குறித்த சைட்டீஸ் உடன்படிக்கையில் 1976 முதல் உறுப்பு நாடாக இருந்தும் நிலை இதுவே. ஆகவே போவா வளர்ப்பு குற்றமாகவும் இல்லை, ஒளிவற்றதாகவும் இல்லை. 2020 ஜூனில் ஒன்றிய அரசு ஒரு வாய்ப்பளித்தது: ஆறு மாதத்துக்குள் தாமாக அறிவிப்போரிடம் ஆவணம் கேட்கப்படாது. நடைமுறைக்கு இது உதவியிருக்கலாம். ஆனால் பாம்பு எங்கிருந்து வந்தது என்னும் கேள்வி அத்தோடு முறையாகவே கைவிடப்பட்டது. லின்னேயஸின் ‘இண்டீஸ்’ மறுபடி எழுதப்பட்டதாகவே எனக்குப் படுகிறது. 2022இன் திருத்தச் சட்டமும் 2024இன் பதிவு விதிகளும் வந்தபின், இப்பட்டியல் உயிரினங்களை வைத்திருப்பதையும் அவை ஈனுவதையும் அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயமாகியுள்ளது.

பிறப்பைத் தெரிவிக்கச் சொல்வது வீண் கெடுபிடி என்று முணுமுணுப்போர் உண்டு. 2018 வெள்ளத்துக்குப் பின் கேரளத்து ஆறுகளில் அமெரிக்க அராபைமா மீன்கள் அகப்பட்டதை அவர்கள் நினைவுகூரலாம். புளோரிடாவில் வளர்ப்பிலிருந்து தப்பிப் பெருகிய பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க 2017இல் தமிழ்நாட்டிலிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருளர் இருவரை அழைத்துப் போக வேண்டியிருந்தது. ஒரே ஈற்றில் பல பத்துக் குட்டிகளைத் தரக்கூடிய பாம்பு, தண்ணீர் சூழ்ந்த தோப்பும்படியில் தப்பினால் என்னாகும் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை.

எனினும் சட்டத்தின் அக்கறை உடைமையைப் பற்றியது. இணைசேர்ந்த நாள், தோலுரித்த நாள், கருவாகாத முட்டைகளின் எண்ணிக்கை, இறந்தவற்றின் எடை ஆகியவை வளர்ப்பவரின் நோட்டில்தான் இருக்கும். கேட்டவரிடம் இவற்றையே சொன்னேன். பெற்றோர் இரண்டும் எவரிடமிருந்து, எப்போது வாங்கப்பட்டன என்பதை முதல் பக்கத்தில் எழுதச் சொன்னேன். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் உள்ள விலங்கியல் துறைகள் இத்தகைய நோட்டுகளைப் படியெடுத்துச் சேமிக்கத் தொடங்கலாம். வரலாற்றுத் துறையில் இருக்கும் எங்களுக்கும் அதில் ஒரு படி வேண்டும்.