எல்லாரும் பாக்குறத போடுப்பா

2019 பிப்ரவரியில டிராய் புது விதி கொண்டு வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எந்தச் சேனல் வேணும்னு பாக்குறவங்களே எழுதிக் கொடுக்கணும். 100 சேனலுக்கு 130 ரூபாய், அதுக்கு மேல வரி. கட்டணச் சேனலுக்குத் தனி விலை. நல்ல விதிதான். ஆனா எங்க ஊர்ல கேபிள்காரத் தம்பி பட்டியலை நீட்டினா, "எல்லாரும் பாக்குறத போடுப்பா"ன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. நாடு முழுக்கவே இப்படித்தான் போல. டிராய் மார்ச் 31 வரை கெடு கொடுத்து, தேர்ந்தெடுக்காதவங்களுக்குப் பொருத்தமானதைக் கம்பெனியே போட்டு விடட்டும்னு சொல்லிடுச்சு.

இதைச் சோம்பேறித்தனம்னு நான் நினைக்கலை. இதுக்குப் பின்னாடி பழைய பழக்கம் ஒண்ணு இருக்கு.

பஞ்சாயத்து ரேடியோ காலத்துல திருப்புறவர் வச்சதுதான் ஸ்டேஷன். டூரிங் டாக்கீஸ்ல கொட்டகைக்காரர் கொண்டு வந்த பெட்டிதான் படம். சென்னைத் தொலைக்காட்சி 1975-ல வந்தது. ஊருக்குள்ள டிவி வந்த பிறகும் வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயித்துக்கிழமை ஒரு படம், அவ்வளவுதான். பிடிக்காட்டியும் பாத்தோம். மறுநாள் வரப்புல உக்காந்து அதைத் திட்டவாவது எல்லாருக்கும் விஷயம் இருந்துச்சு.

1993 சித்திரை ஒண்ணாம் தேதி சன் டிவி வந்துச்சு. அப்புறம் சேனலா பெருகிச்சு. 2006-லேர்ந்து அரசாங்கம் கலர் டிவியை இலவசமாவே கொடுத்துச்சு. அவ்வளவு பெருகியும் நாத்து நடுற பொம்பளைங்க குழம்பலை. ராத்திரி ரெண்டு சீரியலைப் பிடிச்சுக்கிட்டாங்க. மத்த சேனல் இருக்கிறதையே மறந்துட்டாங்க. அது ரொம்ப நல்ல கதைங்கிறதால இல்ல. பக்கத்து வரிசையில நடுறவளும் அதைத்தான் பாத்திருப்பா. நாள் முழுக்கக் குனிஞ்சு நடும்போது பேசுறதுக்கு ஒரு கதை வேணுமே!

2016-ல ஜியோ வந்த பிறகு ஆளுக்கொரு போன். இப்பவும் யாரும் தேடித் தேர்ந்தெடுக்கிறதில்லை. விரலைத் தள்ளத் தள்ள போனே எடுத்துப் போடுது. ஆனா எனக்குப் போடுறது வேற, பக்கத்து ஆளுக்குப் போடுறது வேற. கேபிள்காரத் தம்பி மொக்கைப் படம் போட்டா மறுநாள் ரோட்டுல நிறுத்திக் கேக்கலாம். போனுக்குள்ள இருந்து போடுறவனை எங்க போய்க் கேக்குறது?

இப்ப நடவுல ரெண்டு மூணு பேர் காதுல ஒயரோடதான் நடுறாங்க. வயசான அம்மா ஒருத்தர் மட்டும் நேத்து சீரியல்ல என்ன ஆச்சுன்னு கேட்டுப் பாக்குறாங்க. பதில் சொல்ல ஆள் குறைஞ்சு போச்சு.