கரை வரைக்கும் வண்டி

1988 அக்டோபர் 2-ஆம் தேதி ராஜீவ் காந்தி பாம்பன் சாலைப் பாலத்தைத் திறந்து வைத்தார். 1974-இல் தொடங்கிய வேலை, பதினாலு வருஷம் இழுத்து முடிந்தது. நீளம் 2.345 கிலோமீட்டர். அதே 1988-இல்தான் டாடா கம்பெனி ‘டாடா மொபைல்’ என்றொரு பிக்கப்பைச் சந்தையில் இறக்கியது. ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தம் கிடையாது. பாலம் கட்டியவர்கள் பிக்கப்பை நினைத்திருக்க மாட்டார்கள்; பிக்கப் செய்தவர்கள் பாம்பனைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஆனால் தங்கச்சிமடத்தில் மீன் லோடு அடித்துக் குடும்பம் நடத்தும் என்னைப் போன்றவன் கணக்கை எங்கிருந்து தொடங்கினாலும் அந்த வருஷத்தில் வந்துதான் நிற்கிறது.

அதற்கு முன்னால் இந்த ராமேஸ்வரம் தீவில் வண்டி என்றால் குதிரை வண்டியும் மாட்டு வண்டியும்தான். யாத்ரீகர்களை ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்குக் கொண்டுபோக ஜட்கா. மோட்டார் வண்டியைத் தீவுக்குள் கொண்டுவர வேண்டுமென்றால் மண்டபத்தில் ரயில் வேகனில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். இப்படி எத்தனை பேர் கொண்டுவருவார்கள்? 1914 பிப்ரவரியில் ரயில் பாலம் திறந்த நாளிலிருந்து எழுபத்து நாலு வருஷம் ரயில்தான் எல்லாம். ஆள், அரிசி, கடிதம், மீன், எல்லாமே மீட்டர் கேஜ் தண்டவாளத்தில் உருண்டது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள்; ஓடும் ரயிலிலிருந்து வீசிய பத்திரிகைக் கட்டுகளைப் பொறுக்கி ஊருக்குள் போட்ட பையன்தான் அப்துல் கலாம். பத்திரிகையை வீசலாம். மீனை வீச முடியுமா?

ரயில் நேரத்துக்கு முன்னால் ஐஸில் போட்டுப் பார்சல் கட்ட முடிந்தவனுக்கே பச்சை மீன் விலை. மற்றவன் பிடித்ததெல்லாம் உப்பில் புரண்டு மணலில் காய்ந்து கருவாடாகும். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய காலத்தில் கருவாட்டுக்கு இலங்கையிலும் கிராக்கி இருந்தது. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி ராத்திரி அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது; பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலையும் அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களையும் கடல் கொண்டுபோனது. பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்துவிட்டார்கள். அந்த வேலைக்குப் பொறுப்பாக இருந்த இ. ஸ்ரீதரன் பிற்காலத்தில் டெல்லி மெட்ரோ கட்டிப் பேர் வாங்கினார். ஆனால் தனுஷ்கோடித் தண்டவாளம் திரும்பவே இல்லை. மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கம் சொன்ன அந்த மணலில் மீனவர்கள் மறுபடி குடிசை போட்டார்கள். பிடித்த மீனைத் தூக்கிக்கொண்டு வர வண்டி மட்டும் இல்லை.

இதற்கிடையே கடலில் வேறு கதை நடந்தது. மண்டபத்துக்கு 1949-இலேயே மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் வந்திருந்தது. அறுபதுகளில் இந்தோ-நார்வே திட்டம் மண்டபத்தில் கால் வைத்தது. விசைப்படகு, மடி வலை, இறால். பிடிபடுகிற சரக்கு ஏறிக்கொண்டே போக, அதை வெளியே எடுத்துப்போகிற வழி மட்டும் அதே ஒற்றைத் தண்டவாளமாகவே கிடந்தது. பாலம் திறந்ததும் லாரி திபுதிபுவென்று உள்ளே வந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

பாலம் வந்தது, வியாபாரம் செழித்தது என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. லாரி தார் ரோட்டில்தான் நிற்கும். ஜெட்டிக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் கிடக்கிற அந்தக் கொஞ்சத் தூரம் கூடைக்காரப் பெண்களின் தலையில்தான் கடந்தது. ஓலைக்குடா, சின்னப்பாலம், குந்துகால் மாதிரி இடங்களில் மணலும் சந்தும் லாரிக்கு ஒத்துவராது. அதனால் லாரி யாருடையதோ அவன் சொன்னதே விலை. நாட்டுப்படகுக்காரன் இருபது கிலோ நகரை மீனை வைத்துக்கொண்டு மதுரைக்குத் தனியாகப் போக முடியுமா? லாரிக்காரனுடைய ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டுத் துண்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு போவான். எது கரை வரைக்கும் வருமோ, அதை வைத்திருப்பவன் கையில்தான் மீன். தீவின் வண்டி வரலாற்றை நான் இந்தக் கணக்கில்தான் பார்க்கிறேன்.

கரைக்கு முதலில் இறங்கியது மெட்டாடர். பஜாஜ் டெம்போ கம்பெனியின் அந்த மூக்கில்லாத வேனை என் தலைமுறைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். என் அப்பா மீன் வேனில் கிளீனராகச் சேர்ந்து டிரைவராக ஆனவர். நான் ஸ்டியரிங் பிடித்ததும் அவர் பக்கத்தில்தான், தனுஷ்கோடி மணலில். அந்த மணலில் ஓடத் தனிப் படிப்பு வேண்டும். முகுந்தராயர் சத்திரத்தில் தார் முடிந்ததும் டயரில் காற்றைக் குறைத்துவிட வேண்டும். காய்ந்த மணலில் போகக் கூடாது, அலை நனைத்து இறுகின ஓரமாகப் போக வேண்டும். கடல் வற்றியிருக்கிற நேரம் தெரிந்து கிளம்ப வேண்டும். “டேய், மண்ணுல பிரேக்கத் தொடாத. கியர மாத்தாத. நின்னா நின்னதுதான்” என்பார் அப்பா. நின்றுவிட்டால் பலகை போட்டு, பனை மட்டை போட்டுத் தள்ள வேண்டும். அதற்குள் கடல் ஏற்றம் வந்துவிட்டால் வண்டியைக் கடலுக்குத் தாரை வார்த்துவிட்டு நடந்து வர வேண்டியதுதான்.

காலையில் மீனும் பகலில் சுற்றுலாக்காரர்களுமாக நாலு சக்கர இழுவை வேன்களும் பழைய ஜீப்புகளும் அங்கே வருஷக்கணக்காக ஓடின. இடிந்த தேவாலயத்தையும் ஸ்டேஷனையும் பார்க்க வந்தவர்கள், குலுங்கிக் குலுங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். 2017 ஜூலை 27-ஆம் தேதி, பேக்கரும்பில் கலாம் நினைவிடத்தைத் திறக்க வந்த பிரதமர் மோடி, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரைக்குமான 9.5 கிலோமீட்டர் சாலையையும் நாட்டுக்குக் கொடுத்தார். மறுநாளிலிருந்து கார் வைத்திருக்கிற எவனும் அரிச்சல்முனைக்குப் போகலாம். மணல் படித்த டிரைவர்களுக்கு வேலை போயிற்று. கச்சான் காற்றில் அந்தச் சாலையை மணல் மூடுகிற நாட்களில் மட்டும் சிலர் எங்களைத் தேடுவார்கள்.

நான் நடுவில் சில வருஷம் சவூதியில், தம்மாமில் டிரைவராக இருந்தேன். ராமநாதபுரம் ஜில்லாவில் கீழக்கரையிலிருந்து தேவிபட்டினம் வரை, வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெரு கிடையாது. அங்கே ஓட்டியது ஃபோர்டு எஃப்-150. முழு அளவுப் பிக்கப் என்றால் என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த நீளம். பானெட்டைத் திறந்தால் ஆளே உள்ளே இறங்கி நிற்கலாம். இத்தனை பெரிய வண்டிக்கு, நாலு கதவு வைத்த மாடலில் பின்னால் இருக்கிற தொட்டி ஐந்தரை அடிதான். அதில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. முதலாளி அதில்தான் ஆபீஸ் வருவார், குடும்பத்தோடு கடைக்குப் போவார். சரக்கு ஏற்றாத சரக்கு வண்டியை முதல்முறை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வரலாற்றைப் பார்த்தால் அதுவும் எங்களைப் போலத்தான் பிறந்திருக்கிறது: 1925-இல் ஃபோர்டு கம்பெனி மாடல் டி காருக்குப் பின்னால் தொட்டி வைத்து விற்றபோது வாங்கினவர்கள் பண்ணைக்காரர்கள். இஞ்சின் 20 குதிரைத் திறன்.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், 2005-இல் டாடா ஏஸ் வந்தபோது அதன் இஞ்சின் 16 குதிரைத் திறன். எண்பது வருஷத்துக்கு முந்தைய ஃபோர்டைவிடக் குறைவு. 702 சி.சி., இரண்டு சிலிண்டர், முக்கால் டன் லோடு, தொட்டி மட்டும் ஏழு அடி. விலை இரண்டே கால் லட்சத்துக்குப் பக்கம். குட்டி யானை என்று ஊரே கூப்பிட்டது. மெட்டாடர் ஓட்டினவர்கள் அதைப் பார்த்து “இது என்னய்யா, விளையாட்டுச் சாமானா” என்றார்கள். ஆறே மாதத்தில் அவர்களும் வாங்கினார்கள். மீன் வாடியின் வாசல் வரைக்கும் வரும், சந்துக்குள் திரும்பும், படகுக்குப் பக்கத்தில் பின்பக்கத்தைக் கொடுத்து நிற்கும். சவூதிச் சம்பாத்தியத்தில் நான் வாங்கிய முதல் வண்டியும் அதுதான்.

அப்போதுதான் நான் முன்பு சொன்ன கணக்கு மாறியது. நாலு நாட்டுப்படகுக்காரர்கள் சேர்ந்து ஒரு வண்டி பிடித்து, பரமக்குடிக்கோ மானாமதுரைக்கோ தங்கள் மீனைத் தாங்களே அனுப்ப முடிந்தது. சம்மாட்டியிடம், அதாவது மீன் முதலாளியிடம், முன்பணம் வாங்கினவனுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது, உண்மைதான். ஆனால் ஏலத்தில் விலை இறங்கும்போது “வண்டி நிக்கிது, நான் ஏத்திக்கிறேன்” என்று ஒருவன் சொன்னாலே ஏஜெண்ட் குரல் மாறுவதை நான் கேட்டிருக்கிறேன். 2011-இல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது, ஓசூரில் செய்த வண்டி. மகிந்திராவின் பொலீரோ பிக்கப்பும் பெருத்தது. முக்கால் டன் ஒன்றே கால் டன்னாகி, அதற்கும் மேலே போயிற்று. நான் இப்போது வைத்திருப்பது பொலீரோ.

இந்தச் சிறிய வண்டிகள் பெருகியதற்குச் சட்டத்திலும் ஒரு காரணம் உண்டு. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் (மறுபடி அதே வருஷம்!) மொத்த எடை 3000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை என்கிறது. மஞ்சள் போர்டும் எஃப்.சி.யும் இன்சூரன்ஸும் இருந்தால் போதும். லாரிக்காரன் அலைகிற அலைச்சலில் பாதி எங்களுக்கு இல்லை. ஆனால் வண்டிக் கடனுக்கு டியூ இருக்கிறது. மாதம் பிறந்தால் டியூ. கடலுக்கோ மாதக் கணக்கு தெரியாது. இங்கே விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் போகும். திங்கள், புதன், சனி போய் மறுநாள் கரை திரும்பும். மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. ஆக, பெரிய லோடு வாரத்துக்கு மூன்று நாள். இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துவிட்டால் வேலைநிறுத்தம், அதுவும் போச்சு. ஏப்ரல் 15-ஆம் தேதியிலிருந்து மீன்பிடித் தடைக்காலம். 2001-இல் தொடங்கியபோது 45 நாள். 2017-இலிருந்து 61 நாள். மீன் பெருக வேண்டும், தடை நியாயம்தான். மீனவர்களுக்கு நிவாரணத் தொகையும் உண்டு. வண்டிக்காரனுக்கு ஒன்றும் கிடையாது. ஒரு தடைக்காலத்தில் இரண்டு டியூ நின்றுபோய், பைனான்ஸ்காரர்கள் என் ஏஸைச் சாவியோடு கொண்டுபோனார்கள். பொண்டாட்டி நகை போய் வண்டி திரும்பியது.

அதற்குப் பிறகுதான் மேற்கே போகக் கற்றுக்கொண்டேன். தடைக்காலம் வரும்போது மிளகாய் சீசன் நடந்துகொண்டிருக்கும். எட்டிவயல் சந்தைக்கு முண்டு மிளகாய் மூட்டை; 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் குண்டு மிளகாய்தான். சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி. முதுகுளத்தூர், கமுதிக் காடுகளில் சீமைக் கருவேலம் வெட்டிச் சுட்ட கரி. வாலிநோக்கத்தில் அரசாங்க உப்பளம் இருக்கிறது, ஆனால் உப்பு லோடு நான் எடுப்பதில்லை. இருக்கிற உப்பு போதும்.

உப்புதான் இந்தக் கரையில் வண்டிக்கு எமன். மீனும் ஐஸும் உருகி வடிகிற தண்ணீர் தொட்டியின் இடுக்கில் இறங்கி சேஸைத் தின்னும். வெளியிலிருந்து கடல் காற்று தின்னும். புது வண்டி வாங்கினால் முதல் வேலை தொட்டிக்கு உள்ளே அலுமினியத் தகடு அடித்து, மூலையில் குழாய் வைத்து, கீழே ஒரு கேனைத் தொங்கவிடுவது. பாம்பன் பாலத்தின் மேல் மீன் தண்ணீரைச் சிந்திக்கொண்டு போகிறவர்களை எனக்குப் பிடிக்காது; பின்னால் பைக்கில் வருகிறவன் வழுக்கி விழுவான். அடிப்பாகத்துக்குப் பழைய இஞ்சின் ஆயில் அடிக்க வேண்டும். ஸ்பிரிங் பட்டைக்கு நடுவிலும் அடிக்க வேண்டும். ஒவ்வொரு லோடு முடிந்தும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும் என்று சொல்வது சுலபம். குடிக்கிற தண்ணீரையே தள்ளுவண்டியில் குடம் அடுக்கிக் கொண்டுவருகிற ஜில்லாவில், வண்டிக்கு யார் நல்ல தண்ணீர் கொடுப்பது? உவர்த் தண்ணீரில் கழுவினால் கழுவாமலே விட்டிருக்கலாம் என்று ஆகிவிடும். நான் மதுரையில் சரக்கை இறக்கியதும் அங்கேயே சர்வீஸ் ஸ்டேஷனில் காசு கொடுத்துக் கழுவிவிட்டுத்தான் திரும்புவேன். வீட்டில் கேலி செய்வார்கள்: “ஊருக்குப் போய்க் குளிச்சுட்டு வருது, நம்ம வண்டி.”

2025 ஏப்ரலில் புது ரயில் பாலம் திறந்தார்கள். நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி நேராக மேலே ஏறுகிறது, பார்க்க ஜனம் கூடுகிறது. எங்களுக்கு அதனால் ஒரு இடைஞ்சல்தான். சாலைப் பாலத்தில் காரை நிறுத்திவிட்டு எல்லோரும் செல்ஃபி எடுக்கிறார்கள், பின்னால் ஐஸ் உருகிக்கொண்டிருக்கிறது.

பொலீரோவை மாற்றலாமென்று இருக்கிறேன். மகன் கரண்டில் ஓடுகிற ஏஸ் வாங்கச் சொல்கிறான். மதுரை 170 கிலோமீட்டர், பாதியில் சார்ஜ் தீர்ந்தால் இறாலுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டால், உள்ளூரிலேயே ஓட்டலாமே என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இதில் மட்டும் அவனோடு ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. முதலில் இருப்பதை விற்க வேண்டும். சிவகங்கையிலிருந்து பார்க்க வந்தவர் நம்பர் பிளேட்டைப் பார்த்தார். டி.என். 65. பெயிண்டைப் பார்க்கவில்லை, இஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லவில்லை, நேராக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். ஸ்க்ரூ டிரைவரால் சேஸைத் தட்டித் தட்டிப் பார்த்தபடியே கேட்டார், “அண்ணே, மீனா மிளகாயா?”

“ரெண்டுந்தான்” என்றேன். நாற்பதாயிரம் குறைத்துக் கேட்டார். இருபதுக்கு மேல் இறங்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.