வேறு ஊர்ப் பெயரில் விற்ற வைன்

'ட்ரெஷர் ஐலண்ட்' எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் தேனிலவுக்கு எங்கே போனார் தெரியுமா? கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்குக்கு. தங்கியது கைவிடப்பட்ட ஒரு வெள்ளிச் சுரங்கத்தில்!

1880 மே மாதம் சான் பிரான்சிஸ்கோவில் ஃபேனியைக் கல்யாணம் செய்தபோது அவருக்கு வயது 29. நெஞ்சில் நோய், கையில் காசில்லை. மலைக்காற்று உடம்புக்கு நல்லது என்று கலிஸ்டோகா போய், சுற்றுவட்டாரத்தைக் குதிரை வண்டியில் பார்த்துவிட்டு, செயின்ட் ஹெலினா மலையில் ஆளில்லாத சுரங்கக் கொட்டகையில் குடியேறினார்கள். இதெல்லாம் 'சில்வராடோ ஸ்குவாட்டர்ஸ்' என்ற அவருடைய புத்தகத்தில் இருக்கிறது.

வழியில் பார்த்த மனிதர்கள் ஒவ்வொருவரும் ஒரு ரகம். நிலத்தைத் திருத்தும்போது கல்லாகிப்போன மரங்களைக் கண்டுபிடித்து, அதைக் காட்டியே பிழைத்த வயதான ஸ்வீடன் மாலுமி. டெலிபோனில் பேசிய ஃபாஸ் என்ற பிரபல வண்டிக்காரர் (ஸ்டீவன்சன் டெலிபோனில் பேசியது அதுதான் முதல் தடவை). சின்னத் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த ஒரு ஸ்காட்லாந்துக்காரர். அவரோடு சொந்த ஊர்ப் பேச்சில் இரண்டு வார்த்தை பேசியதில் இவருக்கு அவ்வளவு சந்தோஷம். வெளியூர் பஸ் ஸ்டாண்டில் நம்ம ஊர்க்காரரைப் பார்த்த மாதிரிதான்!

எனக்குப் பிடித்தவர் ஜேக்கப் ஷ்ராம். ஜெர்மனியிலிருந்து வந்து ஊர் ஊராக முடிவெட்டிப் பிழைத்தவர், 1862-ல் மலைச்சரிவில் நிலம் வாங்கித் திராட்சை போட்டார். திருமதி ஷ்ராம் வராந்தாவில் ஃபேனியோடு பேசிக்கொண்டிருக்க, ஸ்டீவன்சன் உள்ளே வைனை வகைவகையாக ருசி பார்த்தார். அங்கே மலையைக் குடைந்து பாதாள அறைகளை வெட்டியவர்கள் சீனத் தொழிலாளர்கள். 1882-ல் சீனத் தொழிலாளர்கள் வரவே கூடாது என்று அமெரிக்கா சட்டம் போட்டது. 1972-ல் நிக்சன் பெய்ஜிங் போனபோது விருந்துக்குக் கொண்டுபோனது இதே ஷ்ராம்ஸ்பர்க் பெயரில் வந்த வைன்!

ஆனால் காமர்ஸ் மாணவனாக என்னை உட்கார வைத்தது இன்னொரு காட்சி. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வைன் வியாபாரி அலமாரியைத் திறந்து கலர் கலராக லேபிள்களை அள்ளிக் காட்டுகிறார். எல்லாவற்றிலும் கிரீடம், 'ஷாட்டோ' என்று பிரெஞ்சு மாளிகைப் பெயர்கள். ஒன்றைக் காட்டி, இதைக் கேள்விப்பட்டதே இல்லையே என்கிறார் ஸ்டீவன்சன். எப்படித் தெரியும்? வியாபாரி அப்போது படித்துக்கொண்டிருந்த நாவலாசிரியரின் பெயராம் அது! கலிபோர்னியா வைனை அந்தப் பெயரிலேயே கேட்டு வாங்க ஆளில்லை. நேர்மையான ஷ்ராம்கூடத் தன் சரக்குக்கு 'பர்கண்டி ஷ்ராம்பர்கர்' என்று பிரெஞ்சு ஊர்ப் பெயரைச் சேர்த்துத்தான் வைத்திருந்தார்.

சரக்கு மட்டம் என்பதால் யாரும் வாங்கவில்லை என்று இதை எடுத்துக்கொள்ள முடியாது. குடித்தவர்களுக்குத் தாங்கள் குடிப்பது கலிபோர்னியா என்றே தெரியாது. அப்புறம் எங்கே பெயர் வளரும்? அதற்குப் பிறகு ஃபிலாக்ஸெரா பூச்சி வேரைத் தின்றது. 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு வேறு.

1976 மே 24 அன்று பாரிஸில் ஒரு போட்டி. லேபிளை மறைத்து ஊற்றிக் கொடுத்தார்கள், மார்க் போட்டவர்கள் பிரெஞ்சு நிபுணர்கள். சிவப்பு, வெள்ளை இரண்டிலும் முதலிடம் நாபா கம்பெனிகளுக்கு. வெள்ளையில் ஜெயித்த கம்பெனி ஸ்டீவன்சன் குடியிருந்த அதே செயின்ட் ஹெலினா மலையடிவாரத்தில் இருக்கிறது. மவுண்ட் செயின்ட் ஹெலினா என்பதைச் சுருக்கித்தான் மாண்டெலினா என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

முழுப்பெயர் 'ஷாட்டோ மாண்டெலினா' :-)