முன் சீட்டில் மூன்றாவது ஆள்

திருவள்ளூரிலிருந்து ஊத்துக்கோட்டை போகும் சாலையோரம் ஒரு பட்டறை. உள்ளே வெள்ளை அம்பாசடர் ஒன்று நான்கு கட்டைகளின் மேல் நின்றுகொண்டிருந்தது. முன் சீட்டைக் கழற்றி வெளியே புங்க மரத்தடியில் வைத்திருந்தார்கள். தரையில் விரித்த பாய் சுருட்டப்பட்டு, துருவும் எண்ணெயும் படிந்த தகடு வெளியே தெரிந்தது. அதில் சாக்பீஸால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம். வட்டத்துக்குள் துளை போடுவதற்கு முன்னால் மெக்கானிக் வண்டிக்காரப் பையனிடம் கேட்டார்: “தம்பி, முன்னாடி ரெண்டு பேர் போதுமா, மூணு பேர் உக்காருவீங்களா?”

ஸ்டியரிங் அடியில் இருக்கும் ஹேண்ட் கியரை எடுத்துவிட்டு ஃப்ளோர் கியர் வைக்கும் வேலை அது. இயந்திரத்தைப் பற்றிய கேள்விகளுக்கு முன்னால் ஆட்களைப் பற்றிய கேள்வி வந்தது எனக்கு வியப்பாக இருந்தது. பிறகு அந்தக் கியர் லிவரின் பூர்வீகத்தைத் தேடிப் போனபோது, நூற்று முப்பது ஆண்டுகளாக அது இடம் மாறிய ஒவ்வொரு தடவையும் இதே கேள்விதான் காரணமாக இருந்திருக்கிறது என்று புரிந்தது.

1891-ல் பாரிஸில் பனார் எ லெவாஸோர் நிறுவனம் எஞ்சினை முன்னால் வைத்து, அதன் பின்னால் கியர்பெட்டியை வைத்து, பின்சக்கரங்களை ஓட்டியது. நம் அம்பாசடர் வரைக்கும் வந்த ஏற்பாடு அதுவே. ஆனால் அக்காலத்துக் கியர் லிவர் வண்டிக்கு வெளியே இருந்தது. ஓட்டுபவரின் வலக்கைப் பக்கம், கைப்பிரேக்குக்குத் துணையாக, மழையில் நனைந்துகொண்டு நின்றது. கியர் மாற்றப் பலம் வேண்டியிருந்ததால் வலக்கையே அதற்குச் சரி என்று நினைத்தார்கள். முதல் கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போக வேண்டுமானால் இரண்டாவதைக் கடந்துதான் போக வேண்டும், ஒரே நேர்கோடு. 1901-ல் வில்ஹெல்ம் மைபாக் வடிவமைத்த மெர்சிடிஸ் வந்தபோது அந்தக் கோடு உடைந்தது. தகட்டில் வெட்டிய பள்ளங்களுக்குள் லிவர் பக்கவாட்டிலும் நகர்ந்து வேண்டிய கியரை நேரே பிடித்தது. இன்றைக்குக் கியர் குமிழின் தலையில் பொறித்திருக்கும் கோடுகள் அந்தப் பள்ளங்களின் வழிவந்தவை. மற்ற நிறுவனங்கள் ஒவ்வொன்றாக அதைப் பார்த்துச் செய்தன.

கார்களுக்குக் கூரையும் கதவும் வந்ததும் வெளியே நின்ற லிவர் தொந்தரவானது. உள்ளே கொண்டுவந்தாலும், வலது கதவு வழியாக ஏறுபவரின் புடவையோ கோட்டோ அதில் மாட்டும். 1916-ஆம் ஆண்டு மாடலாக வந்த காடிலாக் டைப் 53 அதை இரண்டு பேருக்கும் நடுவில் நிறுத்தியது. கூடவே கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் என்ற வரிசையையும் வைத்தது. இன்று நம் ஊர் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கும் அதே வரிசை. காடிலாக் பணக்காரர்களின் வண்டி. அந்த ஏற்பாட்டை எளியவர்களுக்குக் கொண்டுபோனது இங்கிலாந்தில் 1922-ல் வந்த குட்டி ஆஸ்டின் செவன். ஜெர்மனியில் அதை உரிமம் வாங்கி டிக்ஸி என்ற பெயரில் செய்தார்கள். டிக்ஸி நிறுவனத்தை 1928-ல் வாங்கித்தான் பிஎம்டபிள்யூ கார் தொழிலுக்குள்ளேயே நுழைந்தது.

நடுவில் நின்றது சரி. ஆனால் முன் சீட்டில் மூன்றாவது ஆள் முழங்காலை எங்கே வைப்பார்? 1930-களில் அமெரிக்கக் கார்கள் அகலமாகி, முன்னாலும் சோபா போல நீள சீட்டுகள் வந்தபோது இந்தக் கேள்வி பெரிதானது. 1938-ல் காடிலாக்கும் பான்டியாக்கும் லிவரைத் தரையிலிருந்து பிடுங்கி ஸ்டியரிங் தண்டில் கொண்டுபோய் வைத்தன. இரண்டே ஆண்டுகளில் ஏறக்குறைய எல்லா அமெரிக்கக் கார்களும் அப்படியே மாறின. ‘மரத்தில் மூன்று’ என்று அந்த மூன்று கியருக்கு அங்கே செல்லப் பெயரும் விழுந்தது. அப்பா, அம்மா, நடுவில் பிள்ளை. அந்தப் பிள்ளைக்காகத்தான் கியர் மரம் ஏறியது.

போர் முடிந்து அந்த வழக்கம் இங்கிலாந்துக்குப் பரவி, கப்பலேறி நம்மிடம் வந்தது. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு மின்சார ரயிலில் போகிறவர்கள் எண்ணூரைக் கடப்பார்கள். அசோக் லேலண்டின் லாரிகளை நினைக்கவைக்கும் ஊர். ஆனால் 1948-ல் ரகுநந்தன் சரண் அந்த நிறுவனத்தைத் தன் மகன் அசோக்கின் பெயரில் தொடங்கியது கார் பூட்டுவதற்காக. பெட்டி பெட்டியாக வந்த ஆஸ்டின் ஏ40 கார்களை எண்ணூரில் பூட்டினார்கள். அந்த ஏ40-யே ஒரு சாட்சி: தரையில் கியரோடு பிறந்து, 1951-ல் இங்கிலாந்தில் ஸ்டியரிங்குக்கு மாறியது.

வங்காளத்தின் உத்தர்பாராவில் பிர்லாவின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மாரிஸ் கார்களைத் தழுவி ஹிந்துஸ்தான் 14, லேண்ட்மாஸ்டர், பிறகு அம்பாசடர் என்று வரிசையாகச் செய்தது. மூன்றிலும் ஹேண்ட் கியர். பம்பாயில் செய்த ஃபியட் 1100-இலும், அதன் மறுபெயரான பத்மினியிலும் ஹேண்ட் கியர். சென்னையில் 1960-களில் வந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு மட்டும் தரையில் கியர். ஆகவே முப்பது ஆண்டுக் காலம் இந்த நாட்டில் கார் ஓட்டக் கற்றவர்களில் பெரும்பாலோர் இடது கையை ஸ்டியரிங்குக்கு அருகே மேலும் கீழுமாக ஆட்டித்தான் கற்றார்கள். எங்கள் தெருவில் அதை ‘மத்து கடைவது’ என்பார்கள்.

அமெரிக்காவில் மூவருக்காகச் செய்த இடம் நம்மிடம் ஐவருக்கு ஆனது. அமாவாசைக்குத் திருவள்ளூர் வீரராகவப் பெருமாளைச் சேவிக்க வருகிற அம்பாசடர்களில், கதவோரம் தாத்தா, அடுத்து மாமா, அவர் மடியில் ஒரு குழந்தை, டிரைவருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு பையன். நானும் அப்படி உட்கார்ந்த பையன்தான். இரண்டாவது கியர் விழும்போதெல்லாம் டிரைவரின் முழங்கை என் தோளில் இடிக்கும்.

ஆனால் மரத்தில் ஏறிய கியருக்கு ஒரு நோய் உண்டு. கியர்பெட்டி கீழே எங்கோ இருக்கிறது. லிவர் மேலே இருக்கிறது. நடுவில் ஸ்டியரிங் தண்டை ஒட்டி ஒரு குழல் இறங்கி, அதன் அடியில் இரண்டு குட்டிக் கைகள், அவற்றிலிருந்து இரண்டு ராடுகள், ராடுகள் போய்க் கியர்பெட்டியின் பக்கவாட்டில் சேரும். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு புஷ். ஒவ்வொரு புஷ்ஷும் கொஞ்சம் தேய்ந்தால் போதும். எல்லாத் தேய்மானமும் சேர்ந்து மேலே லிவர் கையளவு தொளதொளக்கும். நியூட்ரலில் அந்த இரண்டு குட்டிக் கைகளும் ஒரே நேராக நிற்க வேண்டும். கொஞ்சம் விலகினால் இரண்டு கியருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். அப்போது டிரைவர் இறங்கி, பானெட்டைத் தூக்கி, கையை உள்ளே விட்டு ராடைத் தட்டி நேராக்கிவிட்டு வருவார். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். அம்பாசடரில் வளர்ந்த எவருக்கும் இந்தக் காட்சி மறக்காது.

இந்த நோய்க்கு மருந்தை வணிகமாக்கியவர் அமெரிக்காவில் ஜார்ஜ் ஹர்ஸ்ட். 1950-களின் இறுதியில் அவர் தொடங்கிய நிறுவனம், பந்தய ஆசை பிடித்த இளைஞர்களுக்குத் தரைக் கியர் லிவர்களைச் செய்து விற்றது. குழலும் குட்டிக் கைகளும் இல்லாமல், கியர்பெட்டிக்கு மிக அருகிலேயே கெட்டியான ஒரு லிவர். தனிக்கடையில் வாங்கி மாட்டிய பொருள் எவ்வளவு பேர் பெற்றதென்றால், 1964-ல் பான்டியாக் ஜிடிஓ கார் ஹர்ஸ்ட் லிவரோடே தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது. 1938-ல் லிவரை மரத்தில் ஏற்றிய அதே பான்டியாக்! தனியாக உட்காருகிற இரண்டு வாளிச் சீட்டுகளும், நடுவில் நிமிர்ந்து நிற்கும் கியரும் இளமையின் அடையாளமாயின. மூன்றாவது ஆள் பின் சீட்டுக்குப் போனார்.

நமக்கு அந்த அலை வர இருபது ஆண்டு ஆனது. 1984-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டரைத் தழுவிய கான்டெஸாவைத் தரைக் கியரோடு கொண்டுவந்தது. பிறகு ஜப்பானின் இசுசு 1800 சிசி எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் அதற்குள் வந்தன. 1990-களின் தொடக்கத்தில் அதே எஞ்சினையும் பெட்டியையும் அம்பாசடருக்குள் வைத்து 1800 ஐஎஸ்இசட் என்று விற்றார்கள். இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த திருப்பம் இதுதான். இங்கிலாந்து உடம்பு, ஜப்பான் இதயம், வங்காளத்தில் பூட்டியது. ஒரே வண்டியில் பழைய ஹேண்ட் கியரும் புதிய ஃப்ளோர் கியரும் இரண்டு மாடல்களாகக் கிடைத்ததால், பட்டறைக்காரர்களுக்கு மாற்று வேலையின் விடையைக் கம்பெனியே எழுதிக் கொடுத்ததுபோல ஆனது.

திருவள்ளூருக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு. 1971 முதல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸுக்கு இங்கே மண் அள்ளும் இயந்திரங்கள் செய்யும் ஆலை இருந்தது. பின்னாளில் அந்தப் பிரிவு கேட்டர்பில்லரிடம் போனது. அதே திருவள்ளூரில் 1998-ல் மிட்சுபிஷி லான்சர் கார் செய்யத் தொடங்கினார்கள். உத்தர்பாராவில் டீசல் அம்பாசடர் டாக்ஸிகள் ஹேண்ட் கியரோடே வெளிவந்துகொண்டிருந்த காலத்தில், அதே நிறுவனத்தின் பெயரில் இங்கே வழுக்கிக்கொண்டு விழும் தரைக் கியர்கள் வெளிவந்தன.

பட்டறைக்குத் திரும்புவோம். சாக்பீஸ் வட்டத்தின் இடம் கண்ணளவால் வந்ததில்லை. வண்டிக்கு அடியில் இசுசு பெட்டியை ஜாக்கியில் ஏற்றிப் பிடித்து, லிவர் முளைக்கும் புள்ளியிலிருந்து மேலே ஆணியால் ஒரு குத்து. அந்தக் குத்துதான் வட்டத்தின் மையம். வெட்டிய ஓட்டையின் விளிம்பில் டிங்கர் ஒரு தகட்டு வளையம் வைத்துப் பற்றவைத்தார். இல்லையென்றால் தகடு அதிர்ந்து விரிசல் விடும் என்றார். பெட்டியைத் தாங்க கிராஸ் மெம்பரில் புது மவுண்டிங். பெட்டியின் நீளம் மாறியதால் ஜாயிண்ட் ஷாஃப்ட்டை வெட்டி, லேத்தில் நேர் பார்த்து ஒட்ட வேண்டும். அது ஒரு நூல் கோணினாலும் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி உதறும்.

எல்லாம் முடிந்து சீட்டைத் திரும்ப வைத்தபோது, இரண்டாவது கியருக்குப் பின்னால் இழுத்த லிவர் நீள சீட்டின் விளிம்பில் போய் முட்டியது. மெக்கானிக் கேஸ் விளக்கைப் பற்றவைத்து, லிவரைச் சிவக்கக் காய்ச்சி, குழாயை மாட்டி முன்பக்கமாக மெல்ல வளைத்தார். வளைவு ஆறியதும் மறுபடி போட்டுப் பார்த்தார். இடிக்கவில்லை. ஆனால் நடுவில் ஒருவர் உட்கார்ந்தால் அந்த வளைவு சரியாக அவர் முழங்காலுக்கு நடுவே வரும். “இதுக்குத்தான் மொதல்லயே கேட்டேன், தம்பி” என்றார். பையன் இரண்டு தனிச் சீட்டு போடச் சொல்லிவிட்டான்.

எஞ்சினையும் சேர்த்து மாற்றினால் ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சி புத்தகத்தில் ஏற்ற வேண்டும். இதை விட்டுவிட்டு விற்கும்போது அலைபவர்கள் பலர். ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு இன்னொரு கவலையும் சேர்ந்திருக்கிறது. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி விண்டேஜ் பதிவு பெற, சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. பதிவு பெற்றால் எண்பலகையில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். அதற்கு ஆசைப்படுகிறவர்கள் இப்போது எதிர்த்திசையில் வருகிறார்கள்: அப்பா காலத்தில் வைத்த ஃப்ளோர் கியரை எடுத்துவிட்டு, தரையின் ஓட்டையைத் தகடு வைத்து மூடி, பழைய ஹேண்ட் கியரையே பொருத்தித் தரும்படி கேட்கிறார்கள். நான் அவர்கள் பக்கம். தொளதொளப்பு புது புஷ் போட்டால் தீரும். அறுத்த தரை பழைய தரையாகாது.

புதிய கார்களும் மரத்துக்கே திரும்புகின்றன. 2023-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் பூட்டத் தொடங்கிய மின்சாரக் கார் ஐயானிக் 5-ல் கியர் தேர்வு ஸ்டியரிங் தண்டில் இருக்கிறது. ராடும் இல்லை, புஷ்ஷும் இல்லை, வெறும் மின்கம்பி. தரையைச் சமதளமாக்கி முன்னால் இடம் விடத்தான் அப்படி வைத்தார்கள்.

பழைய ஹேண்ட் கியர் வேண்டுமென்று வருகிறவர்கள் முதலில் பழைய உதிரிபாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போகிறார்கள். அங்கே குழல் கிடைக்கிறது, லிவர் கிடைக்கிறது, அந்த இரண்டு ராடுகளும் குட்டிக் கைகளும் ஜோடியாகக் கிடைப்பது அரிது. இந்தப் பட்டறையில் இதுவரை எத்தனை வண்டிகளில் கழற்றியிருப்பீர்கள் என்று மெக்கானிக்கைக் கேட்டேன். கணக்கு வைத்ததில்லை என்றார். கழற்றியதெல்லாம் மூலையில் கிடக்கும். சாக்கு நிறைந்ததும் காயலான் கடைக்காரர் வந்து எடைபோட்டு எடுத்துப் போவார். அங்கிருந்து லாரியில் கும்மிடிப்பூண்டி உருக்காலைகளுக்கு. பழைய இரும்பு உலையில் கரைந்து, உருளைகளுக்கு நடுவே நீண்டு, முறுக்குக் கம்பியாக வெளியே வருகிற ஊர் அது.

அன்று கழற்றிய இரண்டு ராடுகளையும் பையன் சாக்கில் போட விடவில்லை. செய்தித்தாளில் சுற்றி, கம்பி கட்டி, டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.